காரணம் கேட்க வேண்டிய கலக்கம்

தீராத நோயில் படுத்திருக்கும் பெரியவர் ஒரு சாயங்காலம் திடீரென்று பெற்ற மகளையே யாரென்று கேட்டால், நம் வீடுகளில் அதற்கு விளக்கம் தயாராக இருக்கிறது. "நாள் நெருங்கிடுச்சு" என்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போன் பறக்கும். சில வீடுகளில் திருநீறு மந்திரித்து வாங்கிவருவார்கள். வேறு சில வீடுகளில் "வயசாச்சுல்ல" என்ற பேச்சோடு முடிந்துவிடும். எந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான் பாக்கி.

செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கலக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. பல சமயம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும். அவற்றில் சில நோயின் போக்கில் வருபவை. ஆனால் பல, வீட்டுக்குள்ளேயே நம் கண் முன்னால் பிறக்கின்றன, அதுவும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயங்களில். அந்தக் கூச்சத்தைத் தாண்டிக் கேட்பதுதான் நோயாளியின் அருகில் இருப்பவருடைய முதல் கடமை என்று நம்புகிறேன்.

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். கடுங்காய்ச்சலில் வந்தபோது நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது. எங்கே இருக்கிறோம், பகலா இரவா என்பது பிடிபடாது. இல்லாதது கண்ணுக்குத் தெரியும். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இதுவோ சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வந்துவிடும். வந்தபின் ஒரே சீராகவும் இருக்காது. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பெயர், ஊர், பேரன் படிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொல்வார். பொழுது சாய்ந்ததும் சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்பார். டாக்டருக்குத் தெரிவது ஒரு மனிதர், குடும்பத்துக்குத் தெரிவது வேறொரு மனிதர். அதனால்தான் தேர்ந்த செவிலியர்கள் உடனிருப்பவரிடம் முதலில் ஒன்று கேட்கிறார்கள்: "வழக்கத்தைவிட இப்போ குழப்பமா இருக்காரா?" எளிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, அவருடைய வழக்கம் என்னவென்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இது அரிதான சங்கதி இல்லை. ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) தரும் பிரிவுகளில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, உள்ளே சேரும்போதே 100-க்கு 13 முதல் 42 பேர் வரை கலக்கத்தோடு இருந்ததாகவும், இறப்புக்கு முந்தைய வாரங்களிலும் மணிநேரங்களிலும் அந்த எண்ணிக்கை 59 முதல் 88 வரை ஏறியதாகவும் காட்டுகிறது. அப்படியானால் வீட்டில் படுத்திருக்கும் நம் பெரியவர்களில் மிகப் பலருக்கு இது வரத்தான் போகிறது. வருமுன் தெரிந்துகொள்ளாத குடும்பம், அது வரும் இரவில் தனியாக நின்று திகைக்கும்.

கூச்சலிடுகிறவரை, ஊசிக் குழாயைப் பிடுங்குகிறவரை, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். இன்னொரு வகை இருக்கிறது. ஆள் அடங்கிப்போய்விடுவார். கேட்டால் ஒரு வார்த்தை, அதுவும் தாமதமாக. கண் பாதி மூடியிருக்கும். சோற்றை வாயில் வைத்தால் மெல்ல மறந்து அப்படியே வைத்திருப்பார். "இன்னிக்கு ஒரு தொந்தரவும் இல்ல, நல்லாத் தூங்கறாங்க" என்று வீடு நிம்மதியடையும். மருத்துவமனையிலும் இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. சோர்வு என்றோ மனச்சோர்வு என்றோ எழுதிவிடுவார்கள். தொந்தரவு தராத நோயாளியே நல்ல நோயாளி என்று நாம் வைத்திருக்கும் கணக்கு, மனம் நழுவிக்கொண்டிருக்கும் ஒருவரை அப்படியே நழுவ விடுகிறது.

சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. மார்ஃபின் மாத்திரையில் வலி அடங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். ஒரு நாள் மத்தியானத்திலிருந்து ஆள் மாறிப்போனார். போர்வையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டி உருட்டி, அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே இருந்தார். இழை எதுவும் அங்கே இல்லை. பிணைத்ததை விரலால் நீவிப் பார்த்துவிட்டு அடுத்த இழையைத் தேடினார். "நாடாவ எங்கடா வெச்சீங்க?" என்று மகனை அதட்டினார். ராத்திரியெல்லாம் தறிக்குப் போகவேண்டும் என்று கட்டிலிலிருந்து காலை இறக்கியபடியே இருந்தார். மகனும் மருமகளும் கண் மூடவில்லை. "மூளைக்குப் பரவிடுச்சு போல" என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பெண், தலைமாட்டில் நின்று பெரியவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மருமகளிடம் கேட்டார்:

"அக்கா, ஐயா கடைசியா எப்போங்க ஒண்ணுக்குப் போனாரு?"

"அதெல்லாம் போய்ட்டேதான் இருக்காருங்க சிஸ்டர். துணி மாத்தி மாத்தி எனக்கு முடியலீங்க."

செவிலியர் போர்வையை விலக்கித் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். வயிறு அங்கே திரண்டு கெட்டியாக நின்றது. லேசாக அழுத்தியதும் பெரியவர் முகம் சுளித்தார். சிறுநீர்ப்பை நிரம்பி, இனி இடமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. அந்த வழிசல்தான் துணியை நனைத்தது. நனைகிற துணியைப் பார்த்து, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்று வீடு நம்பியிருந்தது. குழாய் போட்டதும் அதில் மாட்டிய பை நிரம்பியது. ஐந்து நாளாக மலம் கழியவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அரிப்புக்காக யாரோ சொல்லி மெடிக்கலில் வாங்கிய அவில் மாத்திரை, முந்தின வாரத்திலிருந்து தினமும் இரண்டு உள்ளே போயிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் விரல்கள் ஓய்ந்தன. மலச்சிக்கலும் தீர்ந்து, அவில் நின்ற பிறகு, மறுநாள் காலையில் மருமகளைப் பார்த்து, "ராத்திரி ரொம்பப் படுத்திப்போட்டனா கண்ணு?" என்றார்.

அவருடைய புற்றுநோய் அப்படியேதான் இருந்தது. சில மாதங்களில் அவர் இறந்தும் போனார். ஆனால் அந்த மாதங்கள் அவருக்குச் சொந்த நினைவோடு கிடைத்தன.

அந்த ஒரு மனிதருக்குள் எத்தனை காரணங்கள் கூடியிருந்தன என்று பாருங்கள். வீங்கிய புராஸ்டேட் சிறுநீர் வழியை ஏற்கெனவே நெரித்திருந்தது. மார்ஃபின் குடலையும் சிறுநீர்ப்பையையும் மந்தப்படுத்தும். அதனால்தான் மார்ஃபின் எழுதும் மருத்துவர் கூடவே மலமிளக்கியும் எழுதுகிறார். அதை "வயிறு சரியாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவது வீடுகளில் சாதாரணம். அவில் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலின் என்ற பொருளை மறிக்கின்றன. அது மறிக்கப்பட்டால் சிறுநீர்ப்பை சுருங்காது, குடல் நகராது, மூளையும் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின், தொண்டையில் கரகரக்கும் சளிக்குத் தரும் ஹையோசின் ஆகியவற்றுக்கும் ஓரளவு இதே குணம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். மூன்று டாக்டர்களின் சீட்டும் ஒரு மெடிக்கல் ஷாப்பின் யோசனையும் ஒரே டப்பாவில் சேரும்போதுதான் ஆபத்து.

காரணங்கள் இப்படிக் கூடிக் கலக்கமாவதற்கு ஓர் ஒழுங்கான விளக்கம் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஷாரன் இனோய் 1990-களில் இதை முதியோரிடம் ஆராய்ந்தார். ஒருவரிடம் முன்பே இருக்கும் பலவீனம் ஒன்று, இன்று வந்து சேர்ந்த தூண்டுதல் இன்னொன்று. இரண்டும் கூடும்போதுதான் கலக்கம் வருகிறது. கரை இளகிய ஏரிக்குச் சாதாரண மழையே போதும். கரை உறுதியாக இருந்தால் புயல்மழை வேண்டும். வயது, முன்பே இருந்த மறதி நோய், பார்வைக் குறைவு, காது மந்தம், ஒட்டிய உடம்பு, மூளையிலோ ஈரலிலோ சிறுநீரகத்திலோ நோய் இவையெல்லாம் கரையை இளக்குபவை. 1996-இல் அவரும் உடன் ஆய்வாளர் சார்பென்டியரும் மருத்துவமனைகளில் கண்டறிந்த ஐந்து தூண்டுதல்கள் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தவை: கைகால்களைக் கட்டுவது, ஊட்டக் குறைவு, குறுகிய காலத்தில் மூன்றுக்கு மேல் புது மருந்துகளைச் சேர்ப்பது, சிறுநீர்க் குழாய், சிகிச்சையால் நேரும் ஏதாவதொரு கேடு. பெரும்பாலும் மனிதர் மனிதருக்குச் செய்பவை. (நெசவாளருக்குக் குழாய்தான் விடுதலை தந்தது. வேலை முடிந்தபின்னும் அதை எடுக்காமல் விடுவதுதான் தீங்கு.)

கனடாவின் எட்மன்டன் நகரில் முற்றிய புற்றுநோயாளிகள் 104 பேரைக் கவனித்து 2000-இல் வெளிவந்த ஆய்வு, கலக்கம் கண்ட தடவைகளில் ஏறக்குறைய பாதி சரியானதாகச் சொன்னது. மருந்துகளாலும் நீர்ச்சத்துக் குறைவாலும் வந்தவையே அதிகம் மீண்டன. சாகப்போகிறவர்களிடம் பாதி! "நாள் நெருங்கிடுச்சு" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அப்படி மீளக்கூடியவர்களுக்கு எவ்வளவு பெரிய அநியாயம்.

நீர்ச்சத்து ஏன் குறைகிறது? வாந்தி, பேதி, காய்ச்சல், வாய்ப்புண் என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். நம் வீடுகளில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வரும். வந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும். மருமகள் அடுப்பில் இருப்பாள், மகன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து படுத்திருப்பான். பேரன் முன்னால் கூப்பிட வெட்கம். ஆகவே ஆறு மணிக்கு மேல் தண்ணீரை நிறுத்திக்கொள்கிறார்கள். அப்புறம் மத்தியானத்தோடு நிறுத்துகிறார்கள். தலைமாட்டில் இருக்கும் சொம்பு காலையில் வைத்தபடியே இருக்கும். கேட்டால் "தாகமே இல்லப்பா" என்பார்கள். நம் பெரியவர்களில் பலர், பெண்கள் குறிப்பாக, வாழ்நாள் முழுவதும் இப்படி அடக்கிப் பழகியவர்கள். பஸ் பயணத்தில், கல்யாண மண்டபத்தில், வயலில் பழகிய அதே அடக்கத்தை மரணப் படுக்கைக்கும் கொண்டுவருகிறார்கள். சொம்பு காலியாகிறதா என்று பார்ப்பதைவிட, கூப்பிட்டால் முகம் கோணாமல் வருவார்கள் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுப்பது முக்கியம். அவர் தன்னைச் சுமையென்று எண்ணத் தொடங்கிய வீட்டில் எந்த மருத்துவரின் சீட்டும் முழுதாக வேலை செய்யாது.

மலச்சிக்கலும் அப்படித்தான். கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் கூச்சம். மகன் அம்மாவிடம் கேட்கமாட்டான், அம்மா மகனிடம் சொல்லமாட்டாள். நாட்கள் ஓடிவிடும்.

இன்னொரு கூச்சம் குடி பற்றியது. முப்பது வருஷமாக ராத்திரி குடித்துப் பழகிய மனிதர் மருத்துவமனையில் சேர்ந்ததும் அது சட்டென்று நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். டாக்டர் கேட்டபோது மனைவி, "அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க" என்று மானத்தைக் காப்பாற்றியிருப்பார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நடுக்கம் வருமுன்னே தடுக்கும் மருந்து உண்டு. சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பல வருஷம் வாயில் அடக்கிய புகையிலை திடீரென்று நிற்பதும் சிலருக்குக் கலக்கத்தைக் கூட்டும். டாக்டரிடம் சொல்வதால் குடும்பத்தின் கௌரவம் குறைவதில்லை.

கண்ணாடியும் காது மெஷினும். மருத்துவமனைக்குப் போகும்போது "தொலைஞ்சிடும்" என்று இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். பல்செட்டையும்தான். சரியாகப் பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒருவர், இருட்டில்லாத இரவும் வெளிச்சமில்லாத பகலும் உள்ள ஓர் அறையில், முகமூடி போட்ட புதுப்புது ஆட்களுக்கு நடுவே படுத்திருக்கிறார். அந்த மனம் எதைப் பற்றிக்கொள்ளும்? 1999-இல் இனோயும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கண்ணாடியும் காதுக்கருவியும் கொடுத்து, நடக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, இரவில் தூங்கவிட்டு, நாளும் இடமும் நினைவூட்டிப் பேசியபோது, கலக்கம் கண்டவர்கள் 100-க்கு 15-லிருந்து 10-க்கும் சற்றுக் குறைவாக இறங்கினார்கள். அவர்கள் சாகும் நிலையில் இருந்தவர்கள் அல்ல. இருந்தாலும் அந்தப் பட்டியலில் எந்த வீட்டாலும் செய்ய முடியாதது ஒன்றுகூட இல்லை.

நம்மிடையே இருக்கும் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா அம்மாவை முறை வைத்துப் பார்ப்பது. மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம். நல்ல உடம்போடு இருக்கும்போதே அது பெரியவர்களுக்குக் கஷ்டம். தீராத நோயில் இருப்பவரை அமாவாசைக்கு அமாவாசை காரில் ஏற்றி வேறு அறைக்கு, வேறு ஜன்னலுக்கு, கழிப்பறை வேறு பக்கம் இருக்கும் வீட்டுக்கு மாற்றுவது, தடுமாறக் காத்திருக்கும் மனதைத் தள்ளிவிடுவதற்குச் சமம். பிள்ளைகள் முறை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நகர வேண்டியவர்கள் பிள்ளைகள்தான்; கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ராத்திரி தூங்காமல் கத்தும் ஒருவரைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவரின் நிலையும் எனக்குத் தெரியாததல்ல. அந்தக் களைப்பில்தான் அல்ப்ரசோலம் மாத்திரையில் பாதியைக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். தூக்க மாத்திரைகளே கலக்கத்தை வளர்க்கும் முக்கியமான மருந்துகளில் ஒன்று. அடுத்த ராத்திரி இன்னும் மோசமாகும். வேண்டியது மாத்திரையைவிட, பார்த்துக்கொள்பவருக்கு ஓர் இரவுத் தூக்கம். கோழிக்கோட்டில் 1993-இல் சிறு அமைப்பாகத் தொடங்கி, பிறகு கேரளம் முழுக்கப் பரவிய ஆதரவு சிகிச்சை இயக்கத்தின் பலம் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள்தான். டாக்டர் வராத நாளிலும் ஓர் ஆள் வந்து பக்கத்தில் உட்காருவார். நம் தெருவிலும் உட்கார ஆள் உண்டு. கேட்கத்தான் தயங்குகிறோம்.

மார்ஃபின் பற்றி ஒரு வார்த்தை. கலக்கம் வந்ததும் பழி முதலில் அதன்மேல்தான் விழும். "அந்த மாத்திரையாலதான்" என்று உறவினர் ஒருவர் சொல்ல, அன்றே நிறுத்திவிடுவார்கள். தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் சில நாள் மயக்கமும் லேசான குழப்பமும் வருவது உண்மை, பெரும்பாலும் தணிந்துவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு அதே அளவில் திடீரென்று உடம்பு வெட்டி வெட்டிப் போட்டு, இல்லாத உருவங்கள் தெரிந்தால், சிறுநீரகம் தளர்ந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். மார்ஃபின் உடம்பில் மாறிக் கழிவாவது சிறுநீரகம் வழியாகத்தான். நீர் வற்றிய உடம்பில் அந்தக் கழிவு தேங்கி மூளையைத் தூண்டுகிறது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது ஃபென்டனில் பட்டை போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார். தானாக நிறுத்தினால் வலி திரும்பும்; அடங்காத வலியும் கலக்கத்தை உண்டாக்கும், மருந்து சட்டென்று நிற்பதும் உண்டாக்கும். 1985-இன் போதைப் பொருள் சட்டத்தால் இந்த நாட்டின் நோயாளிகளுக்கு எட்டாமல் போய், 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகே கொஞ்சம் எளிதான மருந்து இது. அச்சத்தால் அதை மறுபடி இழக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் தெரியும் காரணங்களை மருத்துவரிடம் விட்டுவிடலாம். ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மார்பக, நுரையீரல் புற்றுநோய்களிலும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலும் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், மந்தம், பிறகு குழப்பம். டிரிப்ஸும் சோலட்ரானிக் ஆசிட் ஊசியும் பல பேரைச் சில நாளில் மீட்கும். சோடியம் இறங்குவது, சர்க்கரை இறங்குவது, ஆக்சிஜன் குறைவது, சிறுநீரிலோ நுரையீரலிலோ கிருமித் தொற்று எல்லாம் இந்த வரிசைதான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரியில் கொடுத்தால் தூக்கம் கெடும். காலையில் கொடுக்க வேண்டியது அது.

"ஒரு ஊசி போட்டு அடக்குங்க" என்று கேட்பதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் 11 ஆதரவு சிகிச்சைப் பிரிவுகளில் 247 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், கலக்கத்துக்கு ஹாலோபெரிடாலோ ரிஸ்பெரிடோனோ பெற்றவர்களைவிட, மருந்தில்லாத வெறும் கரைசல் பெற்றவர்களுக்குத் துன்பம் குறைவாக இருந்தது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாகக் கிடைத்தது காரணத்தைத் தேடிய சிகிச்சையும் நல்ல பராமரிப்பும். ஆபத்தான பதற்றத்தில் மருந்து வேண்டியிருக்கும். அது மருத்துவர் பார்த்துச் செய்வது. வேட்டியால் கைகளைக் கட்டிலோடு கட்டுவது மட்டும் வேண்டாம். கட்டப்பட்டவர் ஏன் கட்டினார்கள் என்று தெரியாமல் போராடுவார், கலக்கம் முற்றும்.

கலக்கத்தில் வரும் பேச்சு ரத்த சொந்தங்களைக் கிழித்துவிடக்கூடியது. கஞ்சியில் ஏதோ கலந்துவிட்டாள் என்று, இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருமகளைச் சொல்வார். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளைச் சந்தேகித்துக் கேட்கக்கூடாததைக் கேட்பார். "கடைசி நேரத்தில் பொய் சொல்லமாட்டாங்க" என்று அதைப் பிடித்துக்கொள்ளும் நாத்தனார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தெளிவாக இருந்த காலத்தில் அவர் சொன்னதும் வாழ்ந்ததும்தான் அவர். உப்பும் கால்சியமும் தடம் புரண்ட ஒரு ராத்திரியில் வாய் சொன்னதை அவருடைய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அழுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது இதைச் சொல்லுங்கள்.

அதே நியாயம் மறுபக்கமும் உண்டு. நினைவு கலங்கியவரின் கட்டைவிரலைப் பிடித்து மை தடவிப் பத்திரத்தில் ஒற்றுவது பாவம், சட்டமும் ஏற்காது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, நோயால் தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் உயில் எழுத முடியாது என்கிறது.

எல்லாக் கலக்கமும் மீளாது. ஈரல் முற்றாக விட்டுப்போனபின், உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓயும் கடைசி நாட்களில், காரணம் தெரிந்தும் தீர்க்க வழியிருக்காது. அப்போது ரத்தம் எடுப்பதும் ஸ்கேனுக்குத் தூக்கிப்போவதும் அவருக்கு வெறும் வேதனை. "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாம் வற்புறுத்துவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் ஆதரவு சிகிச்சையிலிருந்த முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேரிடம் நடந்து 2013-இல் வந்த ஆய்வில், தினம் ஒரு லிட்டர் ஏற்றியவர்களுக்கும் பெயரளவுக்கு 100 மில்லி ஏற்றியவர்களுக்கும் வேதனையிலோ கலக்கத்திலோ வேறுபாடு தெரியவில்லை. விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பஞ்சில் நனைத்து உதட்டை ஈரமாக்கினால் போதும், சடங்கும் நிறைவேறும். பதற்றம் அடங்காவிட்டால் மிடசோலம் போன்ற மருந்தால் மருத்துவர் தூக்கத்தைத் தருவார். வாதாடாமல், திருத்தாமல், தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது.

செத்துப்போன அம்மா வந்து கூப்பிட்டாள் என்று ஒருவர் தெளிவான கண்ணோடு, அமைதியாகச் சொன்னால் அதைக் கலக்கத்தோடு சேர்க்க வேண்டாம். அமெரிக்காவின் பஃபலோ நகர ஆதரவு இல்லத்தில் 59 பேரிடம் நாள்தோறும் கேட்டுப் பதிந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் அத்தகைய கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறந்த உறவினர் வந்தவையே அதிக ஆறுதல் தந்தன. அதற்கு மருந்து தேவையில்லை. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்கலாம்.

கலக்கத்திலிருந்து மீண்டவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார் என்று நினைத்து வீடு வாயை மூடிக்கொள்ளும். நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட்டும் உடன் மருத்துவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்ட 101 புற்றுநோயாளிகளில் 54 பேருக்கு அது நினைவிருந்தது. நினைவிருந்தவர்களுக்குக் கடும் வேதனை. பார்த்துக்கொண்டிருந்த கணவன் மனைவியருக்கு அதைவிடவும் கூடுதல். தான் ஏதோ அசிங்கமாக நடந்துகொண்டோம் என்ற அரைகுறை ஞாபகத்தோடு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கக்கூடும். என்ன நடந்தது, எதனால் நடந்தது, யாருக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை என்று ஒருவர் உட்கார்ந்து நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தெளிவான நாட்களில் செய்ய வேண்டிய இன்னொரு பேச்சு இருக்கிறது. நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவைத்த குடும்பங்களால் அதைப் பேச முடிவதில்லை. நாளை நாளை என்று தள்ளி, பேசத் துணியும் நாளில் கேட்க வேண்டியவர் அங்கே இருப்பதில்லை. எங்கே இருக்க ஆசை, மருத்துவமனையா வீடா? மூச்சுக் குழாய், ஐ.சி.யு. வேண்டுமா? நீங்கள் சொல்ல முடியாமல் போனால் யார் சொல்வதை டாக்டர் கேட்க வேண்டும்? யாரை ஒரு தடவை பார்க்க வேண்டும்? யாருக்கு என்ன கடன் பாக்கி? உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டு, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் எழுதி வைக்கலாம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அவர் சொன்ன பதில்களை அவருடைய வார்த்தையிலேயே தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டுகள் இருக்கும் ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். ராத்திரி அவசரத்துக்கு வரும் டாக்டரோ நர்ஸோ முதலில் திறப்பது அந்த ஃபைலைத்தான்.